கடைசியாக வர வேண்டியவள்

லொரெட் பெலிவோவுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. ஞாயிறு பூசையில் அவள் உட்காருவது எப்போதும் பெஞ்சின் ஓரத்தில்தான். பாதிரியார் கடைசி ஆசீருக்குத் தூக்கிய கை கீழே இறங்குவதற்குள் அவள் வாசலைத் தாண்டியிருப்பாள். செயின்ட் மேரி விரிகுடாக் கரையில் எங்கள் வீடுகளெல்லாம் ஒரே சாலையை ஒட்டி ஊருக்கு ஊர் நீண்டுகொண்டே போகும். அந்தச் சாலையில் அவள் சைக்கிளில் போவதைப் பார்க்காத ஜன்னல் கிடையாது. முகத்தைவிட அவளுடைய முதுகுதான் எங்களுக்கு நன்றாகத் தெரியும்.

இப்படிக் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவளுக்கு வாய்த்த வேலை என்ன தெரியுமா? பள்ளிப் பேருந்து ஓட்டுவது. இருபத்தேழு வருஷம். நாலு வீட்டுக்கு ஒரு நிறுத்தம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் கையுறையைத் தொலைத்த பிள்ளை, அதைத் தேடி ஓடிவரும் தாய், குறுக்கே நிற்கும் நாய். பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். மாலையில் பேருந்தை நிறுத்திச் சாவியை ஆணியில் மாட்டிய கையோடு சைக்கிளை எடுத்தாள் என்றால், இருட்டும்வரை எங்கும் நிற்க மாட்டாள். மெட்டேகன் துறைமுகம், அங்கிருந்து கடலோரமாக வடக்கே, பிறகு சிசிபூ ஆற்றங்கரை, மறுபடி கடல். வெளியூர்க்காரர்கள் வரைபடம் வைத்துக்கொண்டு ஒரு வாரம் சுற்றிப் பார்க்கிற வழியை அவள் வயிற்றுப் பசிக்குச் சாப்பிடுவதுபோல் தினமும் சுற்றினாள்.

கட்டிக்கொண்டவனோ நேர் எதிர். எலுவா படகு எஞ்சின் பழுது பார்ப்பவன். ஒரு திருகாணியைக் கழற்றினால் அதைத் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, அதனிடம் நாலு வார்த்தை பேசிவிட்டுத்தான் கீழே வைப்பான். கல்யாணமான புதிதில் இருவரும் சைக்கிளில் யார்மவுத் வரை போனார்கள். ஒவ்வொரு மேட்டின் உச்சியிலும் அவனுக்காகக் காத்திருந்ததாக இவள் இன்றும் சொல்வாள். அவனைக் கேட்டால், "காத்திருந்தா, இல்லன்னு சொல்லல. நான் மூச்சு வாங்கிட்டு மேல போய்ச் சேருவேன். அந்த நிமிஷமே இவ 'வந்துட்டியா, போலாம்'னு கிளம்பிடுவா. ஓய்வெல்லாம் அவளுக்கு, மேடெல்லாம் எனக்கு" என்பான். முப்பத்தாறு வருஷக் குடித்தனமும் ஏறக்குறைய அப்படித்தான் நடந்தது.

போன அக்டோபரில் எலுவாவுக்கு நெஞ்சைத் திறந்து அறுவை சிகிச்சை நடந்தது. குளிர்காலம் முழுக்க லொரெட் வீட்டில் இருந்தாள். இருந்தாள் என்றா சொல்வது? சமையலறைக்கும் ஜன்னலுக்கும் நடந்தாள். மருந்து கொடுத்தாள், தலையணையைத் தட்டிப் போட்டாள், திரும்பவும் நடந்தாள். "தரை தேயுது, உட்காரேன்" என்பான் அவன். உட்காருவாள். முழங்கால் மட்டும் ஆடிக்கொண்டே இருக்கும். அவனுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் ஒரு பக்கம். தன் மிச்ச நாளெல்லாம் இந்த ஜன்னலோடு போய்விடுமோ என்ற பயம் இன்னொரு பக்கம். இரண்டாவது பயத்தை நினைத்து அவளுக்கு அவள்மேலேயே அருவருப்பாக இருந்தது.

ஜூனில் சைக்கிள் சங்கத்தின் வருஷச் சுற்று. எலுவாவும் வருகிறேன் என்றான். டாக்டர் மெதுவாக ஓட்டலாம், தனியாக மட்டும் ஓட்டக் கூடாது என்றார். சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு: போன வருஷம் முதலில் வந்தவர் இந்த வருஷம் வால். வால் என்றால் எல்லோருக்கும் பின்னால் வர வேண்டும், யாரையும் தாண்டக் கூடாது, திருப்பங்களில் கட்டியிருக்கும் அடையாள நாடாக்களை அவிழ்த்துக்கொண்டே வர வேண்டும். வாலுக்குப் பின்னால் யாரும் ஓட்டக் கூடாது. வழியில் யாராவது இறங்கி ஒதுங்கினால் சைக்கிளைப் பாதையோரத்திலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும். வால் அதைப் பார்த்து நிற்பார். போன வருஷம் முதலில் வந்தது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

"அடியே லொரெட், இந்த வருஷம் நீதான் வால்" என்றாள் சங்கத்துக்குத் தலைவியான கிளாரிஸ் துசே, கிளம்பும்போது எல்லோர் முன்னாலும். "ஞாபகம் இருக்கட்டும். முன்னால ஆமையே போனாலும் தாண்டக் கூடாது."

"ஆமைன்னா எனக்கென்னடி கவலை? என் புருஷன்ல வர்றான்!"

எல்லோரும் சிரித்தார்கள். எலுவாதான் பலமாகச் சிரித்தான்.

மொத்தம் இருபத்தாறு பேர். முதல் ஐந்து கிலோமீட்டரிலேயே இருபத்து நாலு பேர் மூடுபனிக்குள் மறைந்துபோனார்கள். மிஞ்சியது எலுவாவும் அவனுக்குப் பின்னால் லொரெட்டும். பழைய ரயில் பாதை அது. தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டுச் சரளை போட்டிருந்தார்கள். கார் நுழைய முடியாது. முதுகுப் பக்கம் தென்மேற்குக் காற்று தள்ளுகிறது, பாதை மட்டமாக இருக்கிறது, இந்த மனுஷனோ ஒவ்வொரு பாலத்திலும் நின்று தண்ணீரை எட்டிப் பார்க்கிறான்.

"அடேயப்பா, விலாங்கு!" என்றான் ஒரு பாலத்தில்.

"விலாங்கு எங்கயும் ஓடிடாது. நீ மிதி."

"விலாங்கு ஓடாதா? அதுக்கு வேற என்ன வேலை?"

லொரெட்டின் பிரேக் கீச்சிட்டுக்கொண்டே வந்தது. இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தாலும் அவனை முந்திவிடலாம் போல இருந்தது. தொடை இரண்டும் துடித்தன. வலது கால் மிதிக்கட்டையைத் தானாக அழுத்தும், சக்கரம் அவனுடைய பின்சக்கரத்தில் இடிக்கப் போகும், சட்டென்று பிடிப்பாள். அவன் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தான்.

பதினெட்டாவது கிலோமீட்டரில் ஒரு வளைவு. அங்கே வேலிக்கம்பத்தில் ஆரஞ்சு நாடா. எவனோ மீனவன் கட்டியிருக்க வேண்டும், அவிழவே இல்லை. இறங்கி, கையுறையைக் கழற்றி, பல்லால் கடித்து இழுத்தாள். இரண்டு மூன்று நிமிஷம் ஆகியிருக்கும். எலுவா வளைவைத் தாண்டிப் போயிருந்தான். அவள் ஏறி வளைவைத் திரும்பியபோது எதிரே பாதை நேராக, காலியாகக் கிடந்தது.

பரவாயில்லையே, கிழவன் வேகம் பிடித்துவிட்டான் என்று நினைத்தாள். பிடித்துவிடலாம் என்று மிதித்தாள். முதல் கிலோமீட்டரில் அவனைக் காணவில்லை. இரண்டாவதிலும் காணவில்லை. எலுவா எந்தக் காலத்திலும் அந்த வேகத்தில் ஓட்டியதில்லை என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்ததைத் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். காற்று முதுகைத் தள்ளியது. சரளை டயருக்கடியில் பொரிந்தது. ஒரு பக்கம் ஆற்றின் வாடை வர ஆரம்பித்தது. எட்டு மாசமாக மார்பில் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கியது. பதினோரு கிலோமீட்டரை அவள் பறந்து கடந்தாள்.

வேமவுத்தில் ஆற்றங்கரைச் சமூகக்கூடம். எங்கள் ஊர் ராப்யூர் பதார்த்தம் அடுப்பிலிருந்து இறங்கி, உருளைக்கிழங்கும் கோழியும் மணத்துக்கொண்டிருந்தது. கிளாரிஸ் தட்டுகளை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"வா, வா. வால் வந்தாச்சு, எல்லாரும் உட்காருங்க" என்றவள் லொரெட்டுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். "உன் ஆளு எங்கடி?"

"உள்ள இல்லையா?"

"உள்ள எப்படி இருப்பான்? உனக்கு முன்னால கடைசியா வந்தவங்க வந்தே ஒரு மணி நேரம் ஆச்சு."

லொரெட் கைப்பேசியை எடுத்து அவனை அழைத்தாள். அவளுடைய பையிலேயே மணி அடித்தது. சுமை குறையட்டும் என்று அவன் கைப்பேசியைக் காலையில் அவள்தான் வாங்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

"நான் வண்டி எடுத்துட்டுச் சாலை வழியா வரேன், இரு" என்று கிளாரிஸ் சொல்வதற்குள் அவள் படியிறங்கிவிட்டாள்.

வரும்போது முதுகைத் தள்ளிய காற்று இப்போது முகத்தில் அறைந்தது. இந்த முறை ஓரிடம் விடாமல் நின்றாள். ஒவ்வொரு மதகிலும் இறங்கிப் பள்ளத்தைப் பார்த்தாள். பாதையோரத்தில் எங்காவது ஒரு சைக்கிள் சாய்ந்து கிடக்கிறதா என்று பார்த்தாள். இல்லை. சைக்கிள் இல்லையென்றால் சைக்கிளோடு உருண்டிருக்க வேண்டும். "எலுவா!" என்று கத்தினாள். மூடுபனி குரலை விழுங்கிக்கொண்டது. மாதாவே, என் காலை வேண்டுமானாலும் எடுத்துக்கொள், ஜன்னலோரம் நாற்காலியில் சாகும்வரை அசையாமல் உட்காருகிறேன் என்று வேண்டிக்கொண்டாள். வேண்டும்போதே, அது முடியாத காரியம் என்று மாதாவுக்கும் தெரியுமே என்று அழுகை வந்தது.

அந்த வளைவுக்கு நூறு அடி முன்னால் ஒரு வீட்டுக் கொல்லை. சிங்கி இறால் பருவம் மே கடைசியோடு முடிந்துவிட்டதால் கூண்டுகளையெல்லாம் கரையேற்றி, ஆளுயரத்துக்கு மதில்போல் அடுக்கியிருந்தார்கள். அதற்குப் பின்னாலிருந்து ஒரு தும்மல்.

எலுவா கவிழ்த்த கூண்டின்மேல் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தான். சைக்கிள் பக்கத்தில், பாதையிலிருந்து பார்த்தால் தெரியாதபடி.

லொரெட் அவன் தோளில் இரண்டு அறை விட்டாள். பிறகு பதறி அவன் மார்பில் கையை வைத்துப் பார்த்தாள்.

"செத்துட்டியோன்னு நெனச்சேன்யா! பாவி! எதுக்கு இங்க ஒளிஞ்ச?"

"நீ முன்னால போகணும்னுதான். உன் பிரேக்கு கத்துறத எவ்வளவு நேரம் கேக்குறது? கயித்துல கட்டின கன்னுக்குட்டியை இழுத்துட்டு வர்ற மாதிரி இருந்துச்சு."

"அப்புறமாவது பின்னாலயே வந்திருக்கலாம்ல?"

"வாலுக்குப் பின்னால யாரும் ஓட்டக் கூடாதே. சங்கத்துச் சட்டம்." சிரித்தான். பிறகு ரொட்டியைக் காகிதத்தில் மடித்தான். "நீ திரும்பிப் பார்த்திருந்தா விசில் அடிச்சிருப்பேன். வாயிலயே விரலை வெச்சுட்டு நின்னேன்."

அவள் கூண்டு ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முழங்கால் ஆடவில்லை.

"நல்லா இருந்துச்சு எலுவா" என்றாள் கடைசியில். "உன்னைக் காணோம்னு மனசுக்குள்ள எங்கயோ தெரியும். தெரிஞ்சும் ஓட்டினேன். இந்த வருஷத்துலயே அதுதான் நல்லா இருந்துச்சு."

"தெரியும். பாடிட்டுப் போனியே."

"நான் பாடினேனா?"

"கர்ண கடூரமா. முப்பத்தாறு வருஷத்துல நீ பாடி நான் கேட்டதில்ல. என்னை விட்டுட்டு முன்னால போறப்பல்லாம் பாடுவியா?"

தான் பாடுவதே அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. முகத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். அவன் எழுந்து சைக்கிளைப் பாதைக்குத் தள்ளினான்.

"போ. முன்னால போய்ப் பாடு. எனக்குக் கேக்குற தூரத்துல போ."

"சட்டம்?"

"கிளாரிஸ்கிட்ட நான் பேசிக்கிறேன்."

அவள் ஏறினாள். இருபதடி போனதும் அடிவயிற்றிலிருந்து ஒரு பாட்டை எடுத்துவிட்டாள், தாளமும் இல்லை, சுருதியும் இல்லை. பாடிக்கொண்டே திரும்பிப் பார்த்தாள். வருகிறான். இன்னும் கொஞ்சம் போனாள். திரும்பிப் பார்த்தாள். வருகிறான். மூன்றாவது முறை கழுத்தை முழுக்கத் திருப்பிப் பார்த்துக்கொண்டே போனபோது, "முன்னால பாருடி, பள்ளம்!" என்று அவன் போட்ட கூச்சலில் வேலிக்கம்பத்திலிருந்த காகங்கள் பறந்தன.

அவள் பள்ளத்தில் விழுந்தாள். முழங்கையில் ரத்தத்தோடு உட்கார்ந்தபடி, அவனுக்கு இவ்வளவு மூச்சு இருக்கிறதா என்று சிரித்துச் சிரித்து அழுதாள்.