சோக்கின் மேல் வைத்த சந்தனம்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் போச்சு. எனக்குத் தெரிந்த தொழில் கார் ஓட்டுவது ஒன்றுதான். ஐம்பதுகளில் திருவள்ளூர் ரயிலடியில் வாடகைக் கார் வைத்திருந்தேன். யுத்தத்துக்கு முந்திய அமெரிக்க வண்டி. சீமைக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து கைமாறிக் கைமாறி என்னிடம் வந்து சேர்ந்தது.

மற்ற கார்களில் இன்ஜின் குளிர்ந்திருந்தால் சோக் குமிழைக் கையால் இழுத்துக் கிளப்புவோம், சூடானதும் உள்ளே தள்ளிவிடுவோம். இதில் குமிழே கிடையாது. இன்ஜினுக்குக் காற்று போகிற கார்புரேட்டர் வாயில் ஒரு தகடு. குளிரில் அது தானே மூடிக்கொள்ளும், சூட்டில் தானே திறக்கும். பக்கத்தில் வட்டமான ஒரு கறுப்பு மூடிக்குள் சுருள் வில் இருந்து அந்த வேலையைச் செய்யும். இதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. அப்போது, தானாக நடக்கிறது, பெருமாள் கிருபை என்று விட்டிருந்தேன்.

ஒரு வருஷம் ஆயுத பூஜை வந்தபோது என் மனைவிக்கு நிறை மாதம். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து உண்டான பிள்ளை. அதற்காகக் கோயில் குளத்தில் எத்தனை அமாவாசைக்கு வெல்லம் கரைத்திருப்பாள் என்று கணக்கில்லை. பிரசவத்துக்குத் துணையாக வந்திருந்த மாமியார் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல், அவளே உட்கார்ந்து சந்தனம் இழைத்துக் கிண்ணத்தை என்னிடம் நீட்டினாள்.

"ஒரு எடம் உடாம வைங்க."

வழக்கமாக ஸ்டீயரிங்குக்கும் விளக்குகளுக்கும் ரேடியேட்டருக்கும் வைப்பேன், அவ்வளவுதான். அன்றைக்கு மனசு கேட்கவில்லை. பானெட்டைத் திறந்தேன். அந்த வட்டக் கறுப்பு மூடி பார்க்க நெற்றி மாதிரி இருந்தது. மூன்று விரலால் வழித்துக் கெட்டியாகப் பூசினேன், நடுவில் குங்குமம் வைத்தேன். சந்தனம் வழிந்து, தகட்டைத் திருப்பும் கம்பியிலும் அதன் துளையிலும் இறங்கியது. அதைப் பார்க்கவும் செய்தேன். நிறைவாக இருக்கிறது என்று நினைத்தேன்.

பூஜை நாளில் வண்டியை எடுக்க மாட்டோம். அன்று முழுக்கவும் ராத்திரியும் அது அப்படியே நின்றது. குளிர்ந்த இன்ஜின், மூடிய தகடு, அதன் மேல் காய்கிற சந்தனம்.

மறுநாள் விடிகிற நேரத்தில் வலி எடுத்தது. மருத்துவச்சி வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, "கொழந்த குறுக்கால கீது. என் கைக்கு அடங்காது. நேரா பட்டணம் பெரியாஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போ" என்றாள். மாமியார் என் மனைவியைப் பின்சீட்டில் மடியில் படுக்க வைத்துக்கொண்டார். அந்த அவசரத்திலும் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்க நான் மறக்கவில்லை. வண்டி ஒரே சுழலில் கிளம்பியது. நல்ல சகுனம் என்றேன்.

திருநின்றவூர் தாண்டியதும் பின்னால் கறுப்புப் புகை. பெட்ரோல் நெடி. வண்டி இரண்டு முறை குலுங்கி நின்றுவிட்டது.

பெட்ரோலில் அழுக்கு என்று நினைத்து, பம்பின் அடியில் உள்ள கண்ணாடிக் கிண்ணத்தைக் கழற்றிக் கழுவினேன். பிளக்குகளைக் கழற்றினால் எல்லாம் கரி. துடைத்துப் போட்டதும் கிளம்பியது. பட்டாபிராம் வருவதற்குள் மறுபடியும் நின்றது. மறுபடியும் துடைத்தேன். இந்தத் தடவை கிளம்பவே இல்லை. உள்ளே அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"மாப்ளே, இன்னா ஆச்சு? எம் பொண்ணு மூஞ்சி வெளுத்துக்கினு வருது" என்றார் மாமியார்.

"இதோ ஆச்சு, அத்தே." அதையே எத்தனை தடவை சொன்னேனோ.

சைக்கிளில் ஆவடிப் பக்கம் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பாய் இறங்கினார். லாரி மெக்கானிக். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு பானெட்டுக்குள் குனிந்தவர் சிரித்துவிட்டார்.

"இன்னா நைனா, வண்டிக்குக் கல்யாணமா? மாப்ள கணக்கா பூசி வெச்சிக்கிறே!"

பின்சீட்டிலிருந்து ஒரு முனகல் வந்தது. பாய் எட்டிப் பார்த்தார். அதற்கப்புறம் அவர் சிரிக்கவில்லை.

காற்று வடிகட்டியைக் கழற்றித் தள்ளினார். அடியில் தகடு படுத்தபடி வாயை இறுக மூடிக்கொண்டிருந்தது. "இன்ஜின் கொதிக்குது. இந்நேரம் இது நிமிந்து நிக்கணும். காத்தே இல்லாம வெறும் பெட்ரோலக் குடிச்சிக்கினு கீது." விரலால் தள்ளினார், அசையவில்லை. கம்பியை நகத்தால் சுரண்டி முகர்ந்து பார்த்தார். என்னைப் பார்த்தார்.

நான் பெட்ரோலில் நனைத்த துணியை நீட்டினேன். "சந்தனம் பெட்ரோலுக்குக் கரையாது. சுடுதண்ணி குடு" என்றார் தாழ்ந்த குரலில். ரேடியேட்டர் அடிக்குழாயைத் திறந்து ஒரு குவளை பிடித்துக் கொடுத்தேன். சொட்டுச் சொட்டாக ஊற்றி, கோணி ஊசியால் துளையைச் சுரண்டினார். குங்குமமும் சந்தனமுமாகச் சிவப்புக் குழம்பு வழிந்தது. தகட்டை மெல்ல ஆட்டி ஆட்டிப் பார்த்தார். கடைசியில் டிக்கென்று அது தானே நிமிர்ந்தது. பிளக்குகளைத் துடைத்து மாட்டினோம். வண்டி கிளம்பியது, புகை இல்லை. ஆனால் நின்று நின்று வந்ததில் ஒன்றரை மணி நேரம் போயிருந்தது.

"இன்னாதான் ஆச்சு பாய்?" என்று மாமியார் கேட்டார்.

"பெட்ரோல்ல தண்ணி கலந்துருச்சும்மா" என்று பாய் சொன்னார். பிறகு என் காதோரம், "அப்டியே இருக்கட்டும் நைனா. சீக்கிரம் போ" என்றார்.

ஆண் குழந்தை. ஒரு மணி நேரம் முந்தி வந்திருந்தால் உயிரோடு எடுத்திருக்கலாம் என்று டாக்டரம்மா சொன்னார். என் மனைவி பிழைத்தாள். இனி உண்டாகாது என்றும் சொன்னார்கள். குழந்தையைத் துணியில் சுற்றி, மாமியார் மடியில் வைத்து, அதே வண்டியில் ஊருக்குக் கொண்டுவந்தேன். வழி நெடுக அது ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. அப்படி ஓடியதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அடுத்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. என் மனைவி காலையிலிருந்து உட்கார்ந்து, முன்னைவிட இரண்டு பங்கு சந்தனம் இழைத்து வைத்திருந்தாள்.

"போன வருசம் நாம இன்னாவோ கொறை வெச்சிட்டோங்க. அதான் பெருமாளு கண்ணத் தொறக்கல. இந்த வாட்டி உள்ள நல்லா நெறைய வைங்க."

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் விரல்களைப் பார்த்தேன். இழைத்து இழைத்துத் தோல் வெளுத்திருந்தது. குறை வைத்ததால் வந்தது என்று நினைத்தால் அவளுக்கு இன்னும் செய்ய ஏதோ ஒன்று இருக்கிறது. அவள் இழைத்த சந்தனத்தால் வந்தது என்று தெரிந்தால் எதைப் பிடித்துக்கொள்வாள்?

அவள் காட்டிய இடத்திலெல்லாம் வைத்தேன். கறுப்பு மூடிக்கும் வைத்தேன். கற்பூரம் காட்டிக் கும்பிட்டுவிட்டு அவள் இலை போட உள்ளே போனதும், காய்வதற்குள், ஈரத் துணியால் கம்பியையும் துளையையும் துடைத்தேன். பெருமாளே, உனக்கு வைத்ததை எடுக்கிறேன், பொறுத்துக்கொள் என்று சொல்லிக்கொண்டே துடைத்தேன்.

கொடியில் அந்தத் துணியைப் பார்த்து, "இது ஏன் மஞ்சளா கீது?" என்று கேட்டாள்.

"கையத் தொடச்சேன்."

வண்டியை விற்கும் வரைக்கும் ஒவ்வொரு பூஜைக்கும் அப்படியே செய்தேன். அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கவும் தெரியாது. தெரிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.