பூட்டிய சேனலில் மூன்றாவது ஆள்

இது நடந்தது. நடந்த நேரம் உட்பட எழுத்தில் இருக்கிறது. உசாமி யோஷிரோவின் குறிப்பேட்டை நானே புரட்டிப் பார்த்திருக்கிறேன். வாக்கி டாக்கியில் யாரோடு, எத்தனை மணிக்கு, எந்த மலையிலிருந்து பேசினார் என்று ஒவ்வொரு வரியும் பென்சிலில் நறுக்கென்று எழுதியிருப்பார். நவம்பர் பதினாறு, ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் மட்டும் எழுத்து கோணல்மாணலாக ஓடிப் பாதியில் நின்றுவிடுகிறது.

உசாமிக்கு ஐம்பத்திரண்டு வயது. லிஃப்ட் பழுது பார்க்கிறவர். சைதாமா மாவட்டத்தில் நானும் அவரும் பதினோரு வருடமாக ஒரே பட்டறை. பேய் என்று யாராவது பேச்செடுத்தால் டீக்கோப்பையோடு எழுந்து போய்விடுகிற ஆள். இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் திட்டுவதை வாரம் முழுக்கக் காதில் வாங்கிக்கொள்பவர். ஞாயிறு ஒன்றுதான் அவருக்கு நிம்மதி. டிஜிட்டல் வாக்கி டாக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு ஏதாவது ஒரு மலையில் ஏறுவார். உச்சியில் உட்கார்ந்து, சமவெளிக்கு அந்தப் பக்கம் நூறு கிலோமீட்டர் தள்ளி வேறொரு மலையில் உட்கார்ந்திருப்பவரோடு பேசுவார். சாப்பாடு, வானிலை, முட்டிவலி... அவ்வளவுதான் பேச்சு.

அந்த நிம்மதியிலும் மே மாதம் மண் விழுந்தது.

யார் என்ன பேசினாலும் கடைசி வார்த்தையைத் திருப்பிச் சொல்லும் ஒரு குரல் குறுக்கே வர ஆரம்பித்தது. "மதியம் என்ன சாப்பாடு?" என்றால், "சாப்பாடு?" என்று கேட்கும். வேறு பேச்சே கிடையாது. பெயர் கேட்டால் "பெயர்" என்று சொல்லும். எல்லோரும் அதற்குக் கிளி என்று பெயர் வைத்தார்கள். உசாமி முதலில் பணிவாகக் கேட்டுப் பார்த்தார். பிறகு கத்திப் பார்த்தார். ரேடியோ உரிமம் தரும் அலுவலகத்துக்கு மூன்று பக்கம் புகார் எழுதினார். சேனல் சேனலாகத் தாவினார். கிளியும் கூடவே தாவியது. ஆறு மாதம்! ஞாயிறு சாயங்காலம் மலையை விட்டு இறங்கும்போது, ஏறியபோது இருந்ததைவிட அவர் எரிச்சலாக இருந்தார்.

அவர் அதிகம் பேசுவது நருசே மிசாகோ என்ற பெண்மணியிடம். பள்ளிக்கூடச் சமையற்கட்டில் வேலை. அவரைவிட ஆறு வயது மூத்தவர். நேரில் பார்த்தது இரண்டே முறை. காற்றில் நான்கு வருடப் பழக்கம்; இன்னும் மரியாதையாக 'சான்' போட்டுத்தான் ஒருவரையொருவர் கூப்பிடுவார்கள். சேனலுக்குப் பூட்டுப் போடும் யோசனையைப் போனில் சொன்னது அவர்தான்.

"ரகசிய எண் போட்டுடலாம், உசாமி-சான். கிளி வெளியில நின்னு கத்தட்டும்."

"மூடி வச்சுப் பேசணும்னா போன் போதாதா? யார் வேணா வந்து பேசலாம்கிறதுக்குத்தானே இந்த மெஷின வாங்கினோம்?"

"அந்த 'யார் வேணா' வந்து ஆறு மாசமா உங்க உயிர வாங்குதே, பரவாயில்லையா?"



விஷயம் சுலபம். ஐந்து இலக்க எண் ஒன்றை இரண்டு கருவியிலும் போட வேண்டும். திரையில் சின்னச் சாவி தெரியும். அந்த எண் இல்லாத கருவிக்கு வெறும் 'கர்ர்...' சத்தம்தான் கேட்கும். பொழுதுபோக்குக்காகப் பேசுகிறவர்கள் இப்படிப் பூட்டிக்கொள்வது உசாமிக்குக் கொஞ்சமும் பிடிக்காது. வேறு வழியில்லாமல் ஒத்துக்கொண்டார். முந்தின நாள் போனிலேயே எண்ணை முடிவு செய்துகொண்டார்கள். இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை நருசே சுகுபா மலையில். உசாமி மேற்கே மிகாகே மலையில்.

காலை 11.20.

"உசாமி-சான், கேக்குதா?"

"பக்கத்துல உக்காந்து பேசுற மாதிரி கேக்குது. கிளி இல்ல! அப்பாடா!"

"பாவம், பட்டினியா கெடக்கும்."

"சாகட்டும்."

"சாகட்டும்," என்றது ஒரு குரல்.

உசாமி திரையைப் பார்த்தார். சாவி இருந்தது. குறிப்பேட்டில் 11.26 என்று எழுதி, பென்சில் முனை உடையும் அளவுக்கு அடிக்கோடு போட்டார்.

நருசே போனில் புது எண் அனுப்பினார். 11.41-க்கு மாற்றினார்கள். மூன்று நிமிடம் அமைதி. பிறகு கிளி இரண்டு வார்த்தைகளைத் திருப்பிச் சொன்னது. 12.10-க்கு இன்னொரு எண். இந்த முறை முழு வாக்கியம். இன்னொரு விஷயமும் உசாமியின் கண்ணில் பட்டது. நருசே பேசும்போது சிக்னல் கோடு இரண்டு நின்றது. கிளி பேசும்போது ஐந்தும் நின்றது. ஐந்தும் என்றால்... ஆள் மிக அருகில் இருக்கிறான்.

எழுந்து சுற்றும் முற்றும் பார்த்தார். உச்சியில் வேறு யாரும் இல்லை.

நான்காவது எண். ஐந்தாவது எண். ஒவ்வொன்றுக்கும் கையுறையைக் கழற்றிப் பொத்தானை அமுக்க வேண்டும். விரல் மரத்துப்போனது. கொண்டுவந்த சோற்று உருண்டை பிரிக்காமலே கிடந்தது. ஆறு மாத எரிச்சல் தலைக்கு ஏறியது. ஏறிய எரிச்சல் தப்பான ஆள்மேல் இறங்கியது.

"நருசே-சான், உண்மையச் சொல்லுங்க. இந்த எண்ண யாருக்காவது குடுத்தீங்களா?"

"என்ன?"

"நான் குடுக்கல. மெஷினும் குடுக்காது. மிச்சம் யாரு?"

நருசே பொத்தானை அமுக்கியதும் முதலில் சுகுபாவின் காற்றுதான் இரைந்தது.

"நாலு வருஷமா பேசுறோம். என்னைப் பத்தி இதுதான் நினைச்சிருக்கீங்களா? சரி. நீங்களும் உங்க கிளியும் கொஞ்சிக்கிட்டிருங்க."

"கொஞ்சிக்கிட்டிருங்க."

அதே குரல், அதே கோபம். நருசேதான் இன்னொரு தடவை சொல்கிறார் என்று உசாமி நினைத்தார். நேரம் 12.48.

மூட்டையைக் கட்டிக்கொண்டு இறங்கத் தொடங்கினார். தன்னையே திட்டிக்கொண்டு நடந்தார். கால் மணி நேரத்தில் மூடுபனி வந்து சூழ்ந்தது. பத்தடிக்கு அப்பால் மரம் தெரியவில்லை. போனில் சிக்னல் போய்விட்டது.

1.22. இடுப்பிலிருந்து குரல் வந்தது.

"உசாமி-சான்."

நருசே! அவருக்கு மூச்சே திரும்பி வந்ததுபோல இருந்தது.

"நருசே-சான், நான் பேசினது தப்பு..."

"புது எண் போடுங்க. கிளி வராது. நாலு, ஏழு, ஒண்ணு, ஒண்ணு, மூணு."

"காத்துலயே சொல்றீங்களே! அதுவும் கேக்குமே?"

"கேக்காது. அது போயிடுச்சு."

பழைய எண்ணை அழித்தார். புதியதை அமுக்கினார். கண்ணாடியில் பனி படர்ந்திருந்ததால் திரையைச் சரியாகப் பார்க்கவில்லை.

அதன்பின் கிளி வரவில்லை. ஆறு மாதத்தில் முதல் முறையாகக் குறுக்கே யாரும் இல்லாமல் பேசினார். மனதார மன்னிப்புக் கேட்டார். "பரவாயில்ல," என்றார் நருசே. வேறு ஒன்றும் சொல்லவில்லை. வழக்கமாக இந்த மாதிரி சந்தர்ப்பம் கிடைத்தால் ஒரு வாரத்துக்குச் சொல்லிச் சொல்லிக் கிண்டல் செய்கிறவர்.

1.40. பாதை இரண்டாகப் பிரிந்தது. வழிப்பலகை எங்கே என்றே தெரியவில்லை.

"வசந்தத்துல நீங்க இந்த மலைக்கு வந்தீங்கல்ல? பிரியுற இடத்துல எந்தப் பக்கம்?"

"இடது பக்கம்."

"வலதுன்னுல்ல ஞாபகம்..."

"இடது பக்கம்."

வாதாடுகிற தெம்பு அவருக்கு இல்லை. ஏற்கெனவே ஒரு முறை அவரை நம்பாமல் பட்டது போதும் என்று இடது பக்கம் திரும்பினார்.

பாதை ஒடுங்கியது. இரண்டு பக்கமும் மூங்கில் புதர். காலடி பட்ட தடமே இல்லை.

"நருசே-சான், பாதை சரியா இல்ல. ஆள் நடந்த மாதிரியே தெரியல."

"வாங்க."

சுகுபா உச்சியில் காற்று ஓயாது. காலையில் அவர் பேசியபோதெல்லாம் பின்னால் இரைந்தது. இப்போது காற்றே இல்லை. மூச்சு விடும் சத்தமும் இல்லை.

சிக்னல் கோடு ஐந்தும் நின்றது.

மலைச்சரிவுக்குள் இறங்கிவிட்டார். இங்கே சுகுபாவின் அலை எட்டவே எட்டாது. பதினைந்து வருடம் ரேடியோ பிடித்த மனிதருக்கு அது உடனே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

2.11.

"நருசே-சான், நான் திரும்பிடலாம்னு..." என்று பேசத் தொடங்கினார்.

"வாங்க. வாங்க."

உசாமி நின்றார்.

கட்டைவிரலைப் பார்த்தார். பேசுகிற பொத்தானை இன்னும் அமுக்கிக்கொண்டுதான் இருந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது.

பொத்தானை அமுக்கியிருக்கும்வரை இந்தக் கருவியில் எதிர்க்குரல் கேட்காது. நாம் பேசலாம். கேட்க முடியாது. அது அப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது.

"வாங்க, உசாமி-சான்."

விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

கால் தானாக ஓரடி பின்வாங்கியது. காலடியில் இருந்த கல் ஒன்று முன்னால் உருண்டது.

காத்திருந்தார்.

ஒன்று... இரண்டு... மூன்று...

எங்கோ ரொம்பக் கீழே, 'தட்'.

கருவியின் பாட்டரியைப் பிடுங்கி எடுத்தார். திரை அணைந்தது.

அமைதி.

பிறகு எதிரே, பனிக்குள், நாலடி தூரத்தில்... தரை இல்லாத இடத்திலிருந்து...

"வாங்க."

திரும்பி ஓடவில்லை. ஓடத் தைரியம் இல்லை. நாலு காலில் தவழ்ந்தார். மூங்கில் முகத்தைக் கிழித்தது. பிரியும் இடத்தை அடைந்தபோது 2.47. அங்கிருந்து வலது பக்கம். வண்டி நிறுத்திய இடத்துக்கு வந்தபோது 4.15. கதவைப் பூட்டிக்கொண்டு நருசேக்குப் போன் போட்டார்.

"மன்னிப்புக் கேக்கவா கூப்பிட்டீங்க?" நருசேயின் கோபம் கொஞ்சமும் தணிந்திருக்கவில்லை.

"கேட்டேனே... ஒன்றரை மணிக்கே..."

"எங்க கேட்டீங்க? பன்னெண்டே முக்காலுக்கே மெஷின அணைச்சுப் பைக்குள்ள போட்டுட்டேன். கீழ இறங்கிச் சோபா நூடுல்ஸ் சாப்ட்டு, வீட்டுக்கு வந்து, தலைக்குக் குளிச்சாச்சு."

உசாமி ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து விசும்பினார். அந்தப் பக்கம் குரல் மாறியது.

"உசாமி-சான்? அழறீங்களா? என்ன ஆச்சு? எங்க இருக்கீங்க?"

இரவு வீட்டில் பாட்டரியைப் போட்டுப் பார்த்தார். திரையில் சாவி இல்லை. 47113 என்று அமுக்கினார். கருவி ஏற்கவில்லை. மறுபடி அமுக்கினார். ஏற்கவில்லை. அன்றுதான் கையேட்டை முழுதாகப் படித்தார். அந்தக் கருவியில் ரகசிய எண் 32767-ஓடு முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் எண்ணே கிடையாது.

அப்படியானால் 1.22-லிருந்து பூட்டு விழவே இல்லை. ஐம்பது நிமிடம் திறந்த சேனலில் பேசியிருக்கிறார். யார் வேண்டுமானாலும் கேட்டிருக்கலாம்.

நருசே மறுநாளே தன் ரேடியோக் குழுவில் விசாரித்தார். நான்கு நாள் கழித்து, அன்றைய பேச்சைக் கேட்ட ஒருவர் கிடைத்தார். இஷிகுரோ, அந்த மலைச்சரிவுக்கு நேர் எதிரே ஃபுகாயா ஊரில் இருக்கிறார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், எழுபத்தொரு வயது. ஞாயிறு மதியம் மாடியில் ரேடியோவைத் திறந்து வைத்துக்கொண்டு வெங்காயத்தாள் கட்டிக்கொண்டிருந்தாராம். உசாமி அவருக்குப் போன் செய்தார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

"உங்க குரல் மட்டும்தாங்க கேட்டுச்சு," என்றார் இஷிகுரோ. "கேள்வி கேக்குறீங்க, நிறுத்துறீங்க, பதில் வந்த மாதிரி மறுபடி பேசுறீங்க. மொதல்ல சிரிச்சேன். யாரோ தண்ணியப் போட்டுட்டு உளறுறான்னு நினைச்சேன். மன்னிச்சிடுங்க."

"பரவாயில்லீங்க."

"அப்புறம், பாதை சரியா இல்ல, ஆள் நடந்த மாதிரியே தெரியலன்னு சொன்னீங்க பாருங்க, வெங்காயத்தாளக் கீழ போட்டுட்டு எந்திரிச்சுட்டேன். நில்லுங்கன்னு சொல்ல மூணு தடவ கூப்பிட்டேன்."

"எனக்குக் கேக்கலையே."

"கேட்டிருக்காது," என்றார் பெரியவர். "ஒவ்வொரு தடவையும் எனக்குப் பதில் வந்துச்சு. 'குறுக்க பேசாதீங்க. அவர் வந்துக்கிட்டிருக்காரு'ன்னு."

உசாமி என்னைப் பார்த்தார்.

"பொம்பளைக் குரலா?"

"இல்லீங்க."

"ஆம்பளையா? யாருன்னு ஏதாவது அடையாளம் தெரிஞ்சுதா?"

பெரியவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"அதத்தான் இத்தன நாளா யார்கிட்டயும் சொல்லல," என்றார் இஷிகுரோ. "அது என் குரல்."