கைலாசம் சாரின் பொடியாட்ரிஸ்ட்

மேலகரம் பக்கத்துக் கல்லூரியில் ஆங்கிலம் எடுக்கும் கைலாசத்துக்கு ஒரே ஆசை, துறைத்தலைவர் நாற்காலி. உழைத்து அதில் உட்காரலாம் என்ற யோசனை மட்டும் மனிதருக்கு வந்ததே இல்லை.

சீசன் நேரத்தில் குற்றாலத்து லாட்ஜ் ஒன்றில் ஆசிரியர் பயிற்சி நடந்தது. பாதி நேரம் அருவியில் நின்றுவிட்டு, 'மாணவர் மையக் கற்பித்தல்' என்ற பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு திரும்பினார். முறை நல்ல முறைதான். பிள்ளைகளைப் பேசவிட வாத்தியார் இன்னும் கூடப் படித்துவிட்டு வர வேண்டும். இவருக்கோ புத்தகத்தை மூட ஒரு சாக்கு கிடைத்துவிட்டது. கிரேக்க, லத்தீன் வேர்ச்சொல் வகுப்பில் பெஞ்சுகளை வட்டமாகப் போடச் சொல்லி, "நீங்களே கண்டுபிடிங்க" என்று விட்டுவிட்டு செல்போனில் மூழ்கிவிடுவார். சங்கரேஸ்வரி என்ற மாணவி சந்தேகம் கேட்டால், "நான் சொல்லிட்டா அது உன் அறிவு ஆகாதும்மா" என்பார். வெட்கங்கெட்ட பதில்.

பதவிக்குப் போட்டி இவரும் ஜெஸி மேடமும். இருவர் வகுப்பையும் பார்த்தே முடிவு என்று முதல்வர் துல்கர்னைன் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். கைலாசம் புத்தகத்தின் பின்பக்கத்திலிருந்து கைக்கு வந்த சொல்லைப் பலகையில் எழுதினார். பொடியாட்ரிஸ்ட்.

"எந்த டாக்டர்? வேரைப் பிடிங்க பார்ப்போம்."

விஜய்பாண்டி எழுந்தான். "பொடிப்பிள்ளைன்னு சொல்லுதோம்லா சார், அதான் பொடி. குழந்தை டாக்டர். பீடியாட்ரிஷன்னு போர்டுல போடுதாங்கள்லா, ரெண்டும் ஒண்ணுதான்."

வகுப்பே தலையாட்டியது. "அப்படி இருக்காது சார். நீங்க சொல்லுங்க" என்றாள் சங்கரேஸ்வரி.

கைலாசத்துக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல வாயும் வரவில்லை. "கை தூக்குங்க. பெரும்பான்மை எதுவோ அதுதான் விடை" என்றார். ஒருத்தியைத் தவிர எல்லாக் கையும் எழுந்தது.

"நீங்க எந்தப் பக்கம் சார்?" என்று கேட்டாள் சங்கரேஸ்வரி.

கூட்டம் இருந்த பக்கம் பார்த்துத் தானும் கையைத் தூக்கினார் அந்த மனிதர்.

முதல்வர் விலங்கியல் படித்தவர். "இந்தப் 'பொடி' கிரேக்கத்துல 'போடு', போடுன்னா காலு வே! இது கால் டாக்டர். ஆர்த்ரோபோடான்னா கணுக்காலி. உம்ம வகுப்புல அது கணுக்குழந்தையா?"

விஜய்பாண்டியே கையை இறக்கிவிட்டுச் சிரித்தான். கைலாசம் அசரவில்லை. "நல்ல கேள்வி. குழுவா உட்கார்ந்து விவாதிங்க" என்றார்.

"விவாதிச்சு முடிச்சாச்சு" என்று எழுந்த முதல்வர் ஜெஸியின் வகுப்புக்கு நடந்தார். சங்கரேஸ்வரியும் பையை எடுத்துக்கொண்டு அவர் பின்னாலேயே போனாள்.