அவளுக்குப் பக்கத்து ஆறடி

"…அப்ப நானும் உங்க சபைக்கு மாறுனாத்தான் என்ற ஊட்டுக்காரி பக்கத்துல என்னையப் பொதைப்பீங்க, அப்படித்தானுங்களே?"

வால்பாறையில் எங்கள் எஸ்டேட் கோயில் வாசலில், ஞாயிறு ஆராதனை முடிந்து பாதிரியாரும் கமிட்டிக்காரர்களும் நின்றிருந்தபோது அவர் கேட்டார். தேயிலை பறிப்பவர்களின் லைன் வீட்டில் இருந்த, வேலையிலிருந்து ஓய்ந்த பெரியவர். கேள்வி என்னைப் பார்த்துத்தான். சபையில் இல்லாதவருக்கு இனிக் கல்லறையில் இடமில்லை என்று கமிட்டி மலையாளத்தில் போட்ட தீர்மானத்தை அவருக்குத் தமிழில் சொன்னவன் நான். சேர வேண்டுமானால் அச்சன், அதாவது எங்கள் பாதிரியார், நெற்றியில் தைலம் பூசுவார் என்றும் விளக்கியிருந்தேன். நல்ல தமிழில்.

அந்தக் கோயிலைக் கட்டியது வெள்ளைக்காரத் துரைமார். அவர்கள் கப்பலேறிய பின் லைன் ஜனங்களின் தமிழ்ச் சபை, ஐயர் என்று அவர்கள் அழைத்த போதகரோடு, அதில் பாடியது, கல்யாணம் முடித்தது, புதைத்தது. அவர் மனைவி போய்ச் சேர்ந்ததும் அந்தக் காலத்தில்தான். பிள்ளைகள் மில் வேலை தேடிச் சிங்காநல்லூர்ப் பக்கம் இறங்கிவிட, பெஞ்சுகள் காலியாயின. தொண்ணூறுகளில் கோயிலும் கல்லறையும் மலையாள ஆர்த்தடாக்ஸ்காரர்களான எங்கள் கைக்கு வந்தன. பீடத்துக்குத் திரை போட்டோம். சாம்பிராணி புகைத்தோம். செருப்பை வெளியே விடச் சொன்னோம். மண்ணுக்குள் இருப்பவர்களுக்கும் வெளியே சொந்தம் உண்டு என்பது மட்டும் எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

"பொள்ளாச்சியில உங்க ஆளுகளுக்குக் கல்லறை உண்டல்லோ, அங்க போலாமே" என்றார் பொருளாளர்.

"செத்தப்புறம் அத்தன வளைவும் எறங்கோணுங்களா? உசுரோட பஸ்ஸுல போனாலே எனக்கு வாந்தி வருமுங்க."

எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். அப்புறம் சொன்னார்:

"துரை போனாரு, ஐயர் போனாரு, இப்ப அச்சன் வந்திருக்காருங்க. கோயலு யாரு கைக்குப் போனாலும் அவ மட்டும் படுத்த எடத்த உட்டு நகரலீங்களே, தம்பி."

சிரித்த வாயை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நான் செருப்புக் குவியலைப் பார்த்தேன். பொருளாளர் வேட்டியைச் சரிசெய்தார். தீர்மானத்தைத் தூக்கிப் போடுவோம் என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்று காத்திருந்தேன். ஒவ்வொருவரும் அடுத்தவருக்காகக் காத்திருந்தோம் போலிருக்கிறது.

பெரியவர் காத்திருக்கவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து, கங்காணி முன்னால் நிற்பதுபோல் இடுப்பில் கட்டினார். அச்சன் எதிரே போய்க் கண்ணை மூடி, நெற்றியை நீட்டிக்கொண்டு நின்றார்.