பூட்டிக் கிடந்ததாக எழுதப்பட்ட வீடுகள்

விதி இதுதான்: இட ஒதுக்கீட்டுப் பணியிடத்துக்குத் தேர்வானவரின் சாதிச் சான்றிதழ் பற்றிய மெய்த்தன்மை அறிக்கை வரவில்லை என்பதற்காக நியமன ஆணையை நிறுத்தி வைக்கக் கூடாது. அறிக்கைக்கு உட்பட்டுப் பணியில் சேர்த்துக்கொள்ள வேண்டும். அறிக்கை பாதகமாக வந்தால் நீக்கிவிடலாம். பல்கலைக்கழக நிர்வாகத்தில் ஆயுளில் பாதியைக் கழித்து, துணைப் பதிவாளராக ஓய்வு பெற்றவன் நான். இந்த விதியை எத்தனையோ கோப்புகளில் மேற்கோள் காட்டியிருக்கிறேன். யாரும் இதன்படி நடந்து நான் பார்த்ததில்லை. நானும் நடந்ததில்லை.

அந்தப் பெண் செங்கல்பட்டில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தது ஒரு ஜனவரி மாதம். இருளர் சமுதாயத்தைச் சேர்ந்தவர். எங்கள் பல்கலைக்கழகத்திலேயே முனைவர் பட்டம் முடித்து, ஆறு வருடமாக அங்கே மணிக்கணக்கு விரிவுரையாளராக இருந்தார். ஏரிக்கரைப் புதர்க்காடுகளை இருளர் குடும்பங்கள் எப்படிப் பராமரிக்கின்றன என்பது அவருடைய ஆய்வு. கிழங்கைத் தோண்டி எடுத்தபின் கொடியின் தலையைத் திரும்பக் குழிக்குள் வைத்து மூடிவிட்டு வருவார்களாம். எந்தக் குழியை எந்த வருடம் தொடக்கூடாது என்பதற்கும் கணக்கு உண்டாம். வாய்மொழித் தேர்வில் வெளித்தேர்வாளர் ஆய்வுமுறை என்ன என்று கேட்டபோது, "அம்மா பின்னாடி நடந்தேன் சார்" என்றார். அறையில் எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. பார்வையாளர் வரிசையில் இருந்த எனக்கு அது நினைவில் நின்றுவிட்டது.

பழங்குடி நிலப் பராமரிப்புக்கென்று பல்கலைக்கழகம் புதிதாக ஒரு பாடப்பிரிவு தொடங்கி, ஓர் உதவிப் பேராசிரியர் பணியிடத்தைப் பழங்குடியினருக்கு ஒதுக்கியிருந்தது. தேர்வானவர் இவர்தான். ஆனால் சான்றிதழ் சரிபார்ப்பு அறிக்கை வராமல் ஆணை தர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். பணியிடத்துக்கான அனுமதி ஜூன் முப்பதோடு முடிகிறது. அதற்குள் ஆள் சேரவில்லையென்றால் இடமே போய்விடும்.

"மறுபடி எப்ப வரும் சார் இந்த மாதிரி போஸ்ட்?" என்றார்.

"எனக்குத் தெரிந்து இப்போதுதான் முதல் தடவை வந்திருக்கிறது" என்றேன். ஆறுதல் சொல்வது எனக்கு வராது.

என் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்தபடி, "நீங்க ரிட்டையர் ஆனது ஆபீசுக்குத் தெரியும். உங்களுக்குத்தான் இன்னும் தெரியல" என்றாள்.

பிப்ரவரி முதல் வாரம் சான்றிதழ் சரிபார்ப்பு அலுவலகத்தில் நேர்காணல் விசாரணை. அவரோடு நானும் போனேன். பேச அனுமதியில்லை, உட்கார உண்டு. விசாரணை அலுவலர் சான்றிதழைப் பார்த்தார், அந்தப் பெண்ணின் கண்ணாடியைப் பார்த்தார், கைப்பையைப் பார்த்தார். கேளம்பாக்கத்தில் அடுக்குமாடி வீட்டில் குடியிருப்பதாக விண்ணப்பத்தில் இருந்ததை இரண்டு முறை படித்தார். பிறகு கேட்டார்:

"பாம்பு புடிக்கத் தெரியுமா?"

"லைசென்ஸ் இல்லாம புடிச்சா வனத்துறை கேஸ் போடும் சார். தெரியும்னு சொல்லட்டுமா, தெரியாதுன்னு சொல்லட்டுமா?"

அலுவலர் பேனாவை மூடினார். களவிசாரணை நடத்தாமல் முடிவு சொல்ல இயலாது என்றார்.

இங்கேதான் நான் நுழைந்தேன். களவிசாரணை என்றால் ஆறு மாதம் என்பது எனக்குத் தெரியும். அந்த அலுவலகத்தில் எனக்குப் பழைய பழக்கமுள்ள ஒருவர் இருந்தார். மூன்று முறை தொலைபேசியில் பேசி, ஒரு தேதியை வாங்கினேன். அரசு விடுமுறைப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். வேலைநாள். மாதக் கடைசி இல்லை, முகூர்த்த நாள் இல்லை, அமைச்சர் வருகை இல்லை. இதைவிடப் பொருத்தமான தேதி கிடைக்காது என்று அலுவலருக்கே எடுத்துச் சொன்னேன். அறிவிப்புக் கடிதம் விண்ணப்பத்தில் பணியிட முகவரியாக இருந்த பல்கலைக்கழகத்துக்குப் போய், அங்கே தபால் பிரிவில் படுத்துக்கொண்டது. முறைப்படி அறிவிப்பு போயிருக்கும் என்று நம்பி நானும் அவரிடம் சொல்லவில்லை. ஊரை முன்கூட்டித் தயார்செய்தோம் என்ற பேச்சு வரக்கூடாது என்ற எண்ணமும் இருந்தது.

விடுமுறைப் பட்டியலில் மாசி மகம் கிடையாது.

மாசிப் பௌர்ணமிக்கு இருளர்கள் எங்கிருந்தாலும் மாமல்லபுரம் கடற்கரைக்கு வந்துவிடுவார்கள். முந்தின நாளே வந்து மணலில் தங்கி, விடியலில் ஈர மணலால் படி கட்டிக் கன்னியம்மனைக் கும்பிடுவார்கள். பெண் பார்ப்பது, நிச்சயம், கல்யாணம் எல்லாம் அங்கேதான். இதெல்லாம் நான் அறியாததல்ல. அவருடைய ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயமே இதைப் பற்றியதுதான். அதில் பக்க எண் சரியாக இருக்கிறதா என்று பார்த்தவன் நான்.

அந்த நாளில்தான் அலுவலர் ஜீப்பில், அந்தப் பெண்ணின் அம்மா வசிக்கும் இருளர் குடியிருப்புக்குப் போயிருக்கிறார். கள அறிக்கையின் நகல் மார்ச் கடைசியில் வந்தது. "குடியிருப்பிலுள்ள அனைத்து வீடுகளும் பூட்டிக் கிடந்தன. விசாரிக்க ஒருவரும் இல்லை. மேற்படி சமுதாயத்தினர் அங்கு நிரந்தரமாக வசித்து வருவதை உறுதிசெய்ய இயலவில்லை."

அதை எடுத்துக்கொண்டு நானும் அந்தப் பெண்ணும் அவருடைய அம்மாவைப் பார்க்கப் போனோம். மகள் படித்துக் காட்டக் காட்ட, அந்த அம்மா முறத்தில் எதையோ புடைத்துக்கொண்டிருந்தார்.

"பூட்டிக்கினு இருந்துச்சா? எங்க வூட்ல பூட்டு எங்க கீது? கயித்த கட்டி வெச்சிட்டுப் போவோம். அந்த ஆளு வண்டிய வுட்டே எறங்கி இருக்க மாட்டான்." பிறகு என் பக்கம் திரும்பி, "அன்னிக்கி நாங்க ஊர்ல இருந்தாதான் சார் டவுட்டு வரணும். இன்னா படிச்சாங்களோ. யாரு சார் அந்தத் தேதிய குடுத்தது?" என்றார்.

"நான்தான்" என்றேன்.

அவர் முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பாம்பைப் பார்ப்பதைப்போல அல்ல; பாம்பை மதிப்பார்கள்.

திரும்பி வரும்போது பேருந்தில் மகள், "ஏன் சார் என்னை ஒரு வார்த்தை கேக்கல?" என்றார்.

அன்றே மேல்முறையீடு எழுதினேன்; அது முடியும்வரை கள அறிக்கை இறுதியாகாது. மாசி மகத்தன்று அந்தக் குடியிருப்பு காலியாக இருந்ததே அவர்கள் இருளர் என்பதற்குச் சான்று, அலுவலரின் அறிக்கையையே எங்கள் ஆதாரமாகக் கொள்ளவும் என்று கேட்டேன். தேதியைக் கேட்டு வாங்கியது நான்தான் என்பதையும் எழுதினேன். என் பணிக்காலத்தில் ஒரு கோப்பிலும் நான் எழுதாத வாக்கியம் அது. பதிலில் விண்ணப்பதாரருக்கான நகலை அனுப்ப என் வீட்டு முகவரியைக் கொடுத்தேன்.

ஏப்ரலில் பதில் இல்லை. மே மாதம் இரண்டு நினைவூட்டல். ஜூனில் தினமும் தபால்காரரை வாசலில் நின்று வரவேற்றேன். அவர் எனக்கு ஏதாவது உடம்பு சரியில்லையா என்று மனைவியிடம் விசாரித்தாராம்.

ஜூன் முப்பது. மதியம் மூன்று மணிக்குப் பதிவாளர் அறைக்குப் போனோம். என்னிடம் உதவியாளராக வேலை பழகியவர் அவர். விதியின் நகலை மேசையில் வைத்தேன்.

"விதி இருக்கு சார். முன்னுதாரணம் இல்லையே" என்றார். அதை அவருக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான். "நாளைக்கு ஆடிட்ல கேட்டா நான் என்ன சொல்றது?"

நான் வாதாடினேன். நான்கு மணி ஆயிற்று. ஐந்தும் ஆயிற்று. அவர் இரண்டு முறை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்தே முக்காலுக்கு அலுவலகம் மூடும். எனக்கு வாதங்கள் தீர்ந்துவிட்டன.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண் தன் பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"சரி சார். இந்த விதிப்படி ஆணை தர முடியாதுன்னு காரணத்தோட எழுதிக் குடுத்துடுங்க. நான் போயிடுறேன்."

"எதுக்கும்மா எழுத்துல எல்லாம்?"

"முன்னுதாரணம் வேணும்ல சார். என்னை மாதிரி அடுத்து வர்றவங்களுக்கு."

பதிவாளர் என்னைப் பார்த்தார். நான் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தேன். மறுப்பைக் கையெழுத்திட்டுத் தருவதைவிட ஆணையில் கையெழுத்திடுவது ஆபத்துக் குறைவு என்பதைக் கணக்கிட அவருக்கு ஏழு நிமிடம் ஆனது. ஐந்து முப்பத்தெட்டுக்கு அந்தப் பெண் பணியில் சேர்ந்தார். 'சரிபார்ப்பு அறிக்கைக்கு உட்பட்டது' என்ற வரி மட்டும் தடித்த எழுத்தில் இருந்தது.

அந்த வரி அதன்பிறகு எட்டு மாதம் அவரோடு வகுப்புக்குப் போனது. மாணவர்களை அழைத்துக்கொண்டு புதர்க்காட்டில் நடந்தபோதும், தேர்வுத்தாள் திருத்தியபோதும் அது கூடவே இருந்தது. இறுதி அறிக்கை பாதகமாக வந்தால் வேலை மட்டும் போகாது. பொய்ச் சான்றிதழ் என்று வழக்கும் வரும். வாரம் ஒருமுறை தொலைபேசியில் கேட்பார்: "வந்துச்சா சார்?" வரவில்லை என்பேன்.

தபால்காரர் கடைசியில் ஒரு நீள உறையைக் கொண்டுவந்தார். வாசலிலேயே கிழித்தேன். மேல்முறையீடு ஏற்கப்படுகிறது, சான்றிதழ் மெய்யானது. காரணம் எதுவும் எழுதவில்லை. அவரைக் கூப்பிட்டேன், தொடர்பு எல்லைக்கு வெளியே. அவருடைய அம்மாவைக் கூப்பிட்டேன், தொலைபேசி அணைத்து வைக்கப்பட்டிருந்தது. பல்கலைக்கழகத்துக்குப் பேசினால், வகுப்போடு மாமல்லபுரம் போயிருக்கிறார், மணலில்தான் பாடம் என்றார்கள்.

"சார், கையெழுத்துக்குப் பக்கத்துல தேதி போடுங்க" என்றார் தபால்காரர்.

அன்று மாசி மகம்.