அம்மாவின் வட்டம்

காலை ஆறு பத்து. கண் விழித்ததும் நான் முதலில் பார்த்தது சித்தியின் உள்ளங்கால்களை. என் பாயிலிருந்து ஒரு முழம் தள்ளி, வெறுந்தரையில் முழங்காலை மடக்கி ஒருக்களித்துப் படுத்திருந்தாள். வயிற்றோடு சிவப்பு ரப்பர் வெந்நீர்ப் பையை அணைத்திருந்தாள். கால்விரல்கள் மடங்குவதும் விரிவதுமாக இருந்தன. சத்தம் எதுவும் இல்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை. எனக்கு ஒன்பது வயது. பாளையங்கோட்டையில் ஒரு வாடகை வீட்டின் மாடியில் குடியிருந்தோம். சித்தி அம்மாவின் தங்கை, சேரன்மகாதேவியில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். மாதத்தில் நான்கைந்து நாட்கள் ஒரு கைப்பையுடன் பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். ஆஸ்பத்திரி பக்கம் என்பது வெளியே சொன்ன காரணம். மாமியார் வீட்டில் வலி என்று சொல்லிப் படுக்க முடியாது என்பது சொல்லாத காரணம்.

முந்தின வருடம் அவளுக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்திருந்தது. எடுத்ததற்குப் பெயர் சாக்லேட் கட்டி என்றார்கள். அதை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அப்பாவிடம் கேட்டபோது அவர் பேப்பரை முகத்துக்கு நேராக உயர்த்திக்கொண்டார். கட்டி போயிற்று, சில மாதங்களில் வலி திரும்பி வந்தது. கருப்பையின் உட்பக்கம் இருக்க வேண்டிய சவ்வு போல ஒன்று வெளியே ஒட்டி வளர்ந்து மாதந்தோறும் அங்கேயே கசியும் நோய் அது என்பதெல்லாம் நான் பிற்பாடு தெரிந்துகொண்டது. அப்போது எனக்குத் தெரிந்தது, வீட்டில் வெந்நீர்ப் பை ஒன்றுதான் என்பது. சித்தி இருந்தால் அது சித்திக்கு, இல்லாவிட்டால் அம்மாவுக்கு. அன்று அது சித்தியிடம் இருந்ததால், அம்மா அடுப்பு மேடையின் விளிம்பில் அடிவயிற்றை அழுத்தி நின்றுகொண்டு தோசை ஊற்றினாள். ஒவ்வொரு தோசையையும் திருப்பிப் போட்ட பிறகு ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஒன்பதரைக்கு ஒரு டாக்டர் வருவதாக இருந்தது. மேற்படிப்புக்காக இந்த நோயைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த இளம்பெண். சிலருக்கு மட்டும் ஏன் வருகிறது, எப்படி வளர்கிறது, ஒரே குடும்பத்தில் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டிருந்தார். சித்திதான் அவரை வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தாள்.

“நான் வரவழைச்சுக்கிட்டதுங்காவ எங்க அத்தை,” என்று தோசையைப் பிய்த்தபடி அம்மாவிடம் சொன்னாள். “கல்யாணத்துக்கு முன்னால வேலைக்குப் போயி கண்டதத் தின்னேனாம். கோயில் கொடைக்கு அந்த நாளத் தள்ளிப்போட மாத்திரை முழுங்கினேனாம். பிறவியில வாரதுதான், ஒங்க அக்காவுக்கும் இருக்குன்னு டாக்டரம்மா ஒரு வார்த்தை சொன்னா, எனக்கு அது போதும்.”

“சொல்லுவாவ, சொல்லுவாவ. மொதல்ல இன்னொரு தோசை தின்னு,” என்றாள் அம்மா.

டாக்டர் சரியாக ஒன்பதரைக்கு ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். அப்பா மார்க்கெட்டுக்குப் போவதாகச் சொல்லி, பையை மறந்துவிட்டுப் போனார். அம்மா டாக்டரை உட்கார வைத்து, எங்கள் பக்கத்தில் யார் வந்தாலும் கேட்கும் மூன்று கேள்விகளைக் கேட்டாள். எந்த ஊர், எந்தத் தெரு, யார் மகள். மூன்றாவது பதிலில் உறவு வந்துவிட்டது. டாக்டரின் பெரியம்மாவை எங்கள் மாமா வீட்டுக்கு அடுத்த வீட்டில் கொடுத்திருந்தது.

“அட, நம்ம பிள்ளையா நீ? நல்லா இரி,” என்றாள் அம்மா. ‘வாங்க’ அதோடு ‘வா’ ஆயிற்று. சித்தியின் முகம் தெளிந்தது. அம்மா சிரித்துக்கொண்டேதான் இருந்தாள். ஆனால் அதற்குப் பிறகு அவளிடமிருந்து ஆராய்ச்சிக்கு உருப்படியாக ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. முன்பின் தெரியாத ஊர்க்காரியாக இருந்திருந்தால் சொல்லியிருப்பாளோ என்னவோ.

டாக்டர் ஒரு பெரிய தாளை விரித்து என்னிடம் பென்சில் வாங்கினார். “தப்பு வந்தா அழிக்கலாம்லா,” என்றார். ஆண்களுக்குக் கட்டம், பெண்களுக்கு வட்டம். கட்டத்தையும் வட்டத்தையும் கோடுகளால் இணைத்தார். மேலே எப்போதோ இறந்துபோன ஆச்சி; கேட்க வழியில்லாததால் கேள்விக்குறி. கீழே அம்மா, சித்தி, இரண்டு மாமாக்கள். நோய் இருப்பவரின் வட்டத்தை மட்டும் கறுப்பாக்க வேண்டும் என்று எனக்கு விளக்கி, சித்தியின் வட்டத்தை என்னிடமே விட்டார். கோட்டைத் தாண்டாமல் தீட்டினேன். டாக்டர் பாராட்டினார்.

“உங்களுக்கு எப்படிக்கா, அந்த நாள்ல? வலி, போக்கு எல்லாம்?”

“எனக்கு என்ன பிள்ள, எல்லாருக்கும் உள்ளதுதான்.”

“மாத்திரை ஏதும்?”

“சுக்கு தட்டிப் போட்டுக் குடிச்சா சரியாப் போயிரும்.”

“ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்திரலாமா? செலவு கிடையாது.”

“நல்லா இருக்கவளுக்கு ஸ்கேன் எதுக்கு?”

“அக்கா,” என்றாள் சித்தி. அம்மா திரும்பவில்லை.

சித்தி டாக்டரைப் பார்த்து, “நான் செஞ்சதுனால வந்ததா இது?” என்று கேட்டாள்.

“அப்படிச் சொல்ல முடியாதுக்கா. ஏன் வருதுன்னு இன்னும் யாருக்கும் முழுசாத் தெரியல. சில குடும்பத்துல அம்மா, அக்கா, தங்கச்சின்னு சேந்து வருது. அதத்தான் பாக்கோம்.”

“எங்க குடும்பத்துல?”

டாக்டர் தாளைப் பார்த்தார். “இதுல பாத்தா நீங்க மட்டும்தான்.”

அப்போது அவருடைய செல்போன் அடித்தது. வீட்டுக்குள் சிக்னல் சரியாகக் கிடைக்காது; பேசிக்கொண்டே படியிறங்கிப் போனார். அம்மா காபி கலக்க எழுந்தாள். பென்சில் என் கையில் இருந்தது. வெந்நீர்ப் பை யாரிடமெல்லாம் இருக்குமோ அவர்களுக்கெல்லாம் அந்த நோய் என்பது என் முடிவு. தாளில் சித்தி தனியாகக் கறுப்பாக இருந்ததும் எனக்குப் பார்க்க நன்றாக இல்லை. அம்மாவின் வட்டத்தைத் தீட்டினேன். இந்த முறையும் கோட்டைத் தாண்டவில்லை.

சித்தி பார்த்துவிட்டாள். நிறைய நேரம் பார்த்தாள். சந்தோஷப்படுகிறாள் என்று நினைத்தேன். அம்மா காபி டம்ளரோடு வந்தவள் அப்படியே நின்றாள்.

“பொய்யா போட்டிருக்கா பிள்ள?” என்றாள் சித்தி. “கல்யாணத்துக்கு முன்னால நம்ம வீட்டுல ரெண்டு பேரும் ஒரே பாயில சுருண்டு கெடந்தோம். இப்ப நான் மட்டும்தானா?”

“பையப் பேசு,” என்றாள் அம்மா. “அவ பெரியம்மா காதுக்குப் போச்சுன்னா மாமா தெருவு பூரா போயிரும். ஒனக்கு, எனக்குன்னு எழுதினா அடுத்து இவளுக்குன்னு பேசுவாவ. நாளைக்கு இவளப் பாக்க எவன் வருவான்?”

என்னைப் பார்க்க யார் வர வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. சித்தி தலையைத் திருப்பி, அன்று முதல்முறையாகப் பார்ப்பது போல என்னைப் பார்த்தாள். படிக்கட்டில் டாக்டரின் செருப்புச் சத்தம் கேட்டது. அழிக்கப்போவது அம்மா என்று நான் எதிர்பார்த்தேன். சித்திதான் என் பென்சில் டப்பாவைத் திறந்து ரப்பரை எடுத்தாள். வட்டத்தின் கோடு கலையாமல், உள்ளே மட்டும் சுற்றிச் சுற்றித் தேய்த்தாள். துகளை ஊதிவிட்டாள்.

“என்னக்கா ஆச்சு?” என்றார் டாக்டர்.

“பிள்ள கிறுக்கிட்டா,” என்றாள் சித்தி.

எனக்கு அழுகை வந்தது. நான் கிறுக்கவில்லை. சித்திக்காகச் செய்த ஒன்றை, அதை எல்லாரையும்விட விரும்ப வேண்டிய சித்தியே ஏன் அழித்தாள் என்று அன்று முழுவதும் அவளோடு பேசவில்லை. மறுநாள் அவள் சேரன்மகாதேவிக்குப் பஸ் ஏறியபோது டாட்டாவும் காட்டவில்லை.

நான் கல்லூரியில் படிக்கும்போது அம்மாவுக்குக் கருப்பையை எடுத்தார்கள். சித்திக்கு வெளியே ஒட்டி வளர்ந்தது போன்ற சவ்வு, அம்மாவுக்குக் கருப்பையின் தசைச் சுவருக்குள் இறங்கியிருந்தது என்று அறிக்கை வந்தது. வயதானால் எல்லாருக்கும் எடுப்பதுதான் என்று அம்மா அக்கம்பக்கத்தில் சொன்னாள். ஆராய்ச்சிக்காரர்கள் யாரும் அப்போது வரவில்லை. போன வருடம், என் முப்பத்தொன்றாம் வயதில், என் ஸ்கேனைப் பார்த்த டாக்டர் குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா என்று கேட்டார். இரண்டு பேருக்கு என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, தாளைச் சுருட்டுவதற்கு முன்னால் டாக்டர் ஜன்னல் வெளிச்சத்தில் ஒருமுறை தூக்கிப் பார்த்தார். அம்மாவின் வட்டம் வெள்ளையாக இருந்தது. தேய்த்த இடத்தில் தாள் கொஞ்சம் மெலிந்திருந்தது. அதிலிருந்து ஒரு கோடு கீழே இறங்கி, இன்னொரு சின்ன வட்டத்தில் முடிந்தது. அது நான்.