கொளவி இல்லியாம், மலைக்குப் போகணுமாம்

பூச்சிக்குப் பேரு சொல்றது என்ன பெரிய வேலைன்னு கேக்குறவங்க, மொதல்ல ஒரு பூச்சிய முழுசாக் கொண்டாந்து காட்டுங்க, அப்பறம் பேசலாம். நான் கேம்பஸ்ல விலங்கியல் படிக்கிறேன். லீவுக்குக் கொட்டகலைப் பக்கம், தேயிலைத் தோட்டத்துல இருக்குற எங்க லயத்து வீட்டுக்கு வந்தா நிம்மதியே கெடையாது. இங்க பறக்குற அத்தனையும் கொளவிதான்; இல்லைன்னு சொல்லி வாங்கிக் கட்டிக்கிறது என் வேலை. என்னைய மாதிரி படிச்சிட்டு மாட்டிக்கிட்டவங்களுக்கு இந்த எரிச்சல் புரியும். சிரிச்சிட்டு விட்டுரலாம்தான். ஆனா எங்கம்மா கொழுந்து பறிக்கிற மலையில, ஒரு மரத்து மேல நெசமாவே கூடு தொங்குது.

செருப்படி பட்டது

பக்கத்து வீட்டு மாரிமுத்து மாமா பேப்பர்ல எதையோ மடிச்சுக் கொண்டாந்து, இது கொளவியான்னு கேட்டாரு. பிரிச்சா ஒரு மஞ்சக் கறை. றெக்கை ரெண்டா நாலான்னு எண்ணணும், இடுப்பு ஒடுங்கியிருக்கா, ஒடம்புல முடி இருக்கான்னு பாக்கணும், இந்தக் கறையில நான் எதப் பாக்குறதுன்னு சண்டைக்குப் போனேன். காலாவது எங்க மாமான்னேன். மனுசன் செருப்பத் திருப்பிக் காட்டுனாரு.

"இந்தா ஒட்டியிருக்கு, இங்கயே பாத்துக்க. செருப்பக் குடுக்க மாட்டேன், நான் டவுனுக்குப் போகணும்."

வேசம் போட்டது

செல்வி அக்கா செவ்வந்திச் செடிக்கு மண்ணெண்ணெ தெளிச்சுக்கிட்டு நின்னாங்க. பூவுல ஒக்காந்திருந்தது வெறும் பூ ஈ. கொளவிக்கு நாலு றெக்கை, இதுக்கு ரெண்டே ரெண்டு. மண்டை முழுக்கக் கண்ணு, மீசை இத்துனூண்டு. கொட்டுறதுக்குக் கொடுக்கே கெடையாது, கொளவி மாதிரி கோடு போட்டுப் பயங்காட்டிப் பொழைக்குதுன்னு தொண்டத் தண்ணி வத்தச் சொன்னேன். அக்கா போத்தலக் கீழ வைக்கவே இல்ல.

"கொளவி வேசம் போட்டா கொளவிக்கு விழுற அடி விழத்தான் செய்யும்."

மரத்துல தொங்குனது

அம்மாவோட மலையில, டர்பன்டைன் மரத்துக் கெளைக்கு அடியில பலகை கணக்கா ஒரே அடை. மூடாத கூடு. கீழ செத்துக் கெடந்த ஒண்ண எடுத்துப் பாத்தேன். ஒடம்புல முடி, பின்னங்கால்ல மகரந்தம், பொகை நெறத்துல றெக்கை. மலைத்தேனீ. ஒண்ணு கொட்டுனாக் கொடுக்கு தோல்லயே நிக்கும், அந்த வாசத்துக்குக் கூடே எறங்கி வரும்.

மறுநாக் காலையில வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுல பொம்பளைங்க, கொளவி இருக்கு, அங்க போக மாட்டோம்னு நின்னாங்க. பீல்ட் ஆபிசர் ஐயா என்னையக் கூப்பிட்டு, படிச்ச புள்ளதானே, அது கொளவியான்னாரு. இல்லீங்க ஐயா, மலைத்தேனீ, அது இன்னும்... மோசம்னு முடிக்க விட்டாத்தானே! கேம்பஸ் புள்ளயே சொல்லிருச்சு, கொளவி இல்ல, எல்லாம் கெளம்புங்கன்னு கைய வீசுறாரு. நான் படிச்ச படிப்ப எடுத்து எங்கம்மாவையே அந்த மரத்தடிக்குத் தள்ளுறாரு! குறுக்க போய் நின்னு கத்துனேன், கொளவிய விட இது ஆள முடிச்சிரும்னு. தேன் குடுக்குற பூச்சிக்கு என்ன பயம்னு சிரிக்கிறாரு. அம்மா கூடையக் கீழ வச்சிட்டு, அந்த எடத்துலயே குந்துனாங்க. மத்தவங்களும் குந்துனதும் அம்மாதான் வாயத் தொறந்தாங்க.

"தேனீதானே, ஐயா மொதல்ல போயி மரத்தடியில நில்லுங்க, நாங்க பின்னாலயே வர்றோம்."

ஐயா மரத்தடியில போயி நிக்கல, பொம்பளைங்களுக்கு வேற மலை கெடச்சிருச்சு, அதுலருந்து யாரு கேட்டாலும் நான் றெக்கைய எண்ணுறதே இல்ல, மரத்துல தொங்குனா அது கொளவிதான்.